மேகம் வந்தால்தான் புல்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் முதலில் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிப் பார்ப்பேன். அதோடு விட்டுவிட்டால் நல்லது. விடாமல் "கம்ப்யூட்டர்ல இன்னா வேல?" என்று துருவினால், "புல்லு அடுக்கறேன்" என்பேன். சிரிப்பார்கள். பொய் சொல்லித் தப்பிக்கிறேன் என்று நினைப்பார்கள். ஆனால் அதுதான் நிஜம்.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டில் கோல்ஃப் மைதானம் வடிவமைக்கிறவர்கள் கோடுகளாக வரைந்து அனுப்புவார்கள். நாங்கள் அதை சாஃப்ட்வேரில் ஏற்றி, மேடு பள்ளம் கொடுத்து, புல் போர்த்தி, மணல் கொட்டி, குளம் நிரப்பி, நேரில் நின்று பார்ப்பது போன்ற படமாக்கித் திருப்பி அனுப்புவோம். எங்களில் ஒருவர்கூட கோல்ஃப் மைதானத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. கீழே இருந்து பப்ஸ் வேகிற வாசனை வரும், ரோட்டில் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி போகும்போது ஜன்னல் கிடுகிடுக்கும். நாங்கள் பாட்டுக்குப் பச்சைப் பசேலென்று மலைச்சரிவு போட்டுக்கொண்டிருப்போம்.

அந்த ஆபீஸில் டெக்ஸ்சர் லைப்ரரி என் பொறுப்பு. டெக்ஸ்சர் என்றால் பெரிய விஷயமில்லை, ஒரு சதுரப் போட்டோ. ஒரு பாய் அகலத்துக்குப் புல்லைப் படம் எடுத்து, அதையே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போனால் ஓர் ஊர் அளவுக்குப் புல்வெளி விரிந்துவிடும். ஓரமும் ஓரமும் சேருகிற இடத்தில் தையல் தெரியக் கூடாது, அவ்வளவுதான். புல், மணல், மரப்பட்டை, பாறை, தண்ணீர் என்று ஆயிரக்கணக்கில் ஃபைல்கள். எனக்கு முன்னால் அதைப் பார்த்துக்கொண்டவர் சாப்பாட்டுப் பிரியர் போலிருக்கிறது. மணல் வகைகளுக்கு ரவை, கேழ்வரகு மாவு, பொட்டுக்கடலைப் பொடி என்று பெயர் வைத்திருந்தார். ஒரு பாறைக்குப் பெயர் மைசூர்பாகு.

சேர்ந்த புதிதில் இதையெல்லாம் ஒழுங்குபடுத்துகிறேன் என்று உட்கார்ந்து, ஒரே மூச்சில் எல்லா ஃபோல்டருக்கும் நல்ல நல்ல பெயராக மாற்றினேன். அடுத்த நாள் காலை முடிந்துபோன மைதானம் ஒன்றைத் திறந்தால் முழுக்க முழுக்க ரோஸ் கலர். புல் ரோஸ், மணல் ரோஸ், மரம் ரோஸ். எந்தப் படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்கிற பாதையைத்தான் சாஃப்ட்வேர் நினைவில் வைத்திருக்கும். பாதை மாறிவிட்டால் படம் கிடைக்காது, ரோஸ் கலரைப் பூசிவிடும். பக்கத்து சீட்டில் இருக்கும் பழவேற்காட்டுத் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, பஞ்சு மிட்டாயில கிரவுண்டு போட்டுட்ட?" என்றான். அவன் வீட்டில் நாலு தலைமுறையாகத் துணி வியாபாரம். எதையும் விரித்துப் பார்த்துத்தான் பேசுவான். அன்று அவனும் நானும் சேர்ந்து எல்லாப் பெயரையும் பழையபடி திருப்பினோம். மைசூர்பாகு இன்றைக்கும் மைசூர்பாகுதான்.

இந்தப் பழக்கமெல்லாம் வந்து, லைப்ரரி என் கைக்குள் அடங்கிவிட்டது என்று நினைத்த சமயத்தில்தான் அந்தத் தீவு வேலை வந்தது. வெப்பமான ஊர், கடலோரம், பெரிய மைதானம். வடிவமைத்தவர் ஒரு வயதான அம்மாள். வீடியோ காலில் வருவார், கேட்பதை நறுக்கென்று கேட்பார், பின்னாலேயே ஒரு நாய் குரைத்துக்கொண்டிருக்கும். முதல் படத்தை அனுப்பினோம். அவர் திரையில் அதைப் பெரிதாக்கி, ஒரு இடத்தில் விரலை வைத்து, "இந்தக் காய்ந்த இலை எனக்குத் தெரியும்" என்றார். விரலை நகர்த்தி, "இங்கேயும் அதே இலை. அங்கேயும் அதே இலை" என்றார்.

பார்த்தேன். நிஜம்தான். நாங்கள் போட்ட புல்லில் ஓர் ஓரமாக ஒரு பழுப்பு இலை கிடந்தது. அந்தச் சதுரம் எத்தனை தடவை விரிந்ததோ அத்தனை தடவை அந்த இலையும் வந்திருந்தது. மைதானம் முழுக்கப் புடவைக் கரையில் மாங்காய் போட்ட மாதிரி வரிசையாக இலை. அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார். "இது குளிர்தேசத்துப் புல். இதில் நீலம் இருக்கிறது. எனக்கு வெயிலில் வளர்ந்த புல் வேண்டும்."

காசு கொடுத்து வாங்கும் லைப்ரரிகளிலும் தேடினேன். எல்லாம் அதே நீலப் பச்சை. நம் ஊர்ப் புல்லில் ஒரு மஞ்சள் ஒளிந்திருக்கும், இலை கொஞ்சம் முரடாக இருக்கும். அது எங்கேயும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்தது. எதைப் பார்த்தாலும் எங்கே திரும்ப வருகிறது என்று தேடுவது. ரயில் பெட்டியின் சீட்டு, சர்ச் தரையின் மொசைக், என் புருஷனின் கட்டம் போட்ட சட்டை எல்லாவற்றிலும் தையல் தேடினேன். "இன்னா, சட்டையில கறையா?" என்று அவர் ரெண்டு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

கடைசியில் எங்கள் சாரிடம் போய், "நாமே படம் எடுத்துக்கலாம் சார்" என்றேன். சார் சம்மதித்தார். ஆனால் புல் எங்கே? கும்மிடிப்பூண்டியில் கம்பி கிடைக்கும், பைப் கிடைக்கும், புழுதி வேண்டிய மட்டும் கிடைக்கும். வெட்டிப் பராமரித்த புல்தரை என்று தேடினால், கார் உதிரிப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியின் ஆபீஸ் கட்டடத்துக்கு முன்னால் மட்டும்தான் இருந்தது. கேட்டுக்கு வெளியே நின்று கம்பி வழியாகப் பார்த்தேன். மஞ்சள் ஒளிந்த பச்சை, முரட்டு இலை. நான் தேடிய புல் அப்படியே இருந்தது.

சாருக்கு அந்தக் கம்பெனியில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் மூலமாக அனுமதி வாங்கினோம். கேட்டில் இருந்த செக்யூரிட்டிக்காரர் ஆந்திர எல்லையில் இருக்கும் ஆரம்பாக்கம் பக்கத்து மனிதர், பேச்சில் தெலுங்கு வாடை அடிக்கும். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"மிஷினு, கட்டடம், லாரி எதுவும் படத்துல வரக்கூடாது. கேமரா தரயத்தான் பாக்கணும்."

"எங்களுக்குத் தரதாங்க வேணும்" என்றான் தம்பி.

"தரய மட்டுமா?"

"ஆமாங்க. புல்லு."

"புல்லுக்கு எதுக்கு நைனா பர்மிசன்?" என்று சொல்லி, அனுமதிச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் புல் என்று எழுதியிருந்தது அவருக்குப் பெரிய சந்தேகத்தைக் கொடுத்துவிட்டது.

புல் கிடைத்துவிட்டது, அனுமதி கிடைத்துவிட்டது, இனி மேகம் வர வேண்டும். வெயிலில் எடுத்தால் ஒவ்வொரு இலைக்கும் நிழல் விழுந்துவிடும். அந்த நிழலோடு படத்தை விரித்தால், சாஃப்ட்வேரில் சூரியன் எந்தப் பக்கம் நின்றாலும் புல்லின் நிழல் மட்டும் வேறு பக்கம் கிடக்கும். வானம் மூடியிருக்க வேண்டும், ஆனால் மழை பெய்யக் கூடாது. இந்தப் பக்கத்து வெயிலைத் தெரிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட கோரிக்கை என்று புரியும்.

இந்த நேரம் பார்த்து மீஞ்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் என் மாமியார் கூழ் வடாம் போட ஆரம்பித்திருந்தார். நாத்தனார் வீட்டுக்கு, சர்ச்சில் நாலு பேருக்கு, எங்களுக்கு என்று வேட்டி வேட்டியாக விரித்து ஊற்றியிருந்தார். காலையில் எழுந்ததும் ரெண்டு பேரும் மாடிக்குப் போவோம். அவர் கிழக்கே பார்த்து, "நல்லா சுள்ளுனு அடிக்கப் போவுது" என்று சந்தோஷப்படுவார். நான் மேற்கே பார்த்துப் பெருமூச்சு விடுவேன்.

"உனுக்கு இன்னாத்துக்கும்மா மேகம்?"

"ஆபீஸுக்கு வேணும் அத்த."

"ஆபீஸு ஏசில கீது. அதுக்கு மேகம் வேற கேக்குதா?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பக்கத்துப் பக்கத்தில் முழங்கால் போட்டோம். வெளியே வந்ததும், "இன்னா வேண்டிக்கின?" என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். "நான் வெயில் கேட்டேன்" என்றார். ஆண்டவர் ரெண்டு நாள் யோசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோது வெளிச்சமே வேறு மாதிரி இருந்தது. வள்ளூர்ப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் வானத்தோடு வானமாகக் கலந்துவிட்டிருந்தன. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாடியில் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேட்டியின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். "வந்துடுச்சி உன் மேகம். அந்தப் பக்கம் பிடி" என்றார். ரெண்டு பேருமாக எல்லா வடாத்தையும் கீழே இறக்கி ஃபேன் போட்டுவிட்டு, நான் நாஷ்டாவை டப்பாவில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். பொன்னேரியில் தம்பி ஏறினான். கையில் நீளமான ஒட்டடைக் கொம்பு. கேமராவை அதன் நுனியில் கட்டித்தான் தலைக்கு மேலிருந்து நேராகக் கீழே பார்த்து எடுப்பது என்று திட்டம். பெட்டியில் இருந்தவர்கள் அவனை ஒட்டடை அடிக்கப் போகிறவன் என்றே நினைத்து, அவன் நிற்க நல்ல இடம் விட்டார்கள்.

கம்பெனிக்குள் நுழைந்ததும் வேலையைத் தொடங்கினோம். அவன் கொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் முதலில் அந்தச் சதுரத்தில் மண்டியிட்டு, காய்ந்த இலை, சின்னக் கல், பேப்பர்த் துண்டு எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுப்பேன். எந்த இலையும் அந்த அம்மாளின் கண்ணில் மறுபடி படக் கூடாது என்கிற வைராக்கியம். பொறுக்கி முடித்து நகர்ந்ததும் அவன் படம் எடுப்பான். அப்புறம் அடுத்த சதுரம். இப்படியே முட்டி போட்டுக்கொண்டு முன்னேறினேன். சுடிதார் முட்டி ரெண்டும் பச்சையாகிவிட்டது.

அந்த நேரத்தில் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்த ரெண்டு பெண்கள் நின்றார்கள்.

"இன்னாம்மா, எதுனா தொலச்சிட்டியா?"

"இல்லக்கா, போட்டோ எடுக்கறோம்."

ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். "பாவம், வெக்கப்படுது" என்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து புல்லைத் துழாவ ஆரம்பித்தாள். "கம்மலா, மூக்குத்தியா? சொல்லு, ஊட்ல திட்டுவாங்கன்னு பயப்படாத."

நான் மறுபடி மறுபடி சொன்னேன். யாரும் நம்பவில்லை. வெயில் இல்லாத நாளில், கம்பெனி வாசலில், ஒரு பொண்ணு முட்டி போட்டுப் புல்லைத் தடவுகிறாள் என்றால் அவள் புல்லைப் படம் எடுக்கிறாள் என்று யார்தான் நம்புவார்கள்? தம்பி கொம்பும் கையுமாக, "ஐயோ, மிதிக்காதீங்க, மிதிக்காதீங்க" என்று கத்திக்கொண்டிருந்தான். அது இன்னும் தப்பாகப் போயிற்று. "ஆமா, மிதிச்சா மண்ணுக்குள்ள பூந்துக்கும், எல்லாரும் ஒக்காந்து தேடுங்க" என்று யாரோ விளக்கம் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் புல்தரை முழுக்க நீலச் சட்டைக்காரர்கள் குந்திக்கொண்டு துழாவினார்கள். ஷிஃப்ட் பஸ் டிரைவர்கூட இறங்கி வந்துவிட்டார். "இவ்ளோ பேஜாரா?" என்று செக்யூரிட்டிக்காரர் ஓடி வந்தார். வந்தவர் நிறுத்தச் சொல்லவில்லை. அவரும் லத்தியைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குனிந்தார்.

நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தரையைப் பார்த்தேன். என் அழகான புல் பல திசையில் படுத்துக் கிடந்தது. அழுகை வரும் போலிருந்தது, சிரிப்பும் வந்தது.

"கெடச்சிருச்சி!" என்று ஒரு குரல் கேட்டது.

பஸ் டிரைவர்தான். விரல் நுனியில் மண் ஒட்டிய ஒரு தங்கக் கம்மல். சின்னதுதான், நடுவில் சிவப்புக் கல். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் பெருமையாக அதை என்னிடம் நீட்டினார்.

"இது என்னுது இல்லீங்க" என்றேன்.

கை தட்டல் நின்றுவிட்டது. என் காதை எல்லாரும் பார்த்தார்கள். ரெண்டு காதிலும் தொங்கட்டான் பத்திரமாக ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப யாருது?"

டிரைவர் கம்மலைச் செக்யூரிட்டிக்காரரிடம் கொடுத்தார். பிறகு முதலில் வந்த பெண், "உள்ள கூட்டிப் பெருக்கற அக்காவுது காணாம போச்சே, மழ காலத்துல" என்றாள். ஒருத்தர் உள்ளே ஓடினார். நாற்பது வயது இருக்கும் ஒரு அக்கா, தரை துடைக்கிற மாப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாத பயம் முகத்தில் இருந்தது. அவர் வலது காதில் ஒரு கம்மல். இடது காது ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க ஒரு வேப்பங்குச்சி.

செக்யூரிட்டிக்காரர் கம்மலைக் காட்டினார். அந்த அக்கா அதை வாங்கவில்லை. தலையை மட்டும் மெல்லத் திருப்பி வலது காதைக் காட்டினார். அதே கம்மல், அதே சிவப்புக் கல். செக்யூரிட்டிக்காரர் ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "உன்துதாம்மா" என்றார். அவர் குரலே மாறிப்போயிருந்தது.

அக்கா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். "எங்கம்மா போட்டது" என்றார். "ஒரு வாரம் தேடுனேன். ஊட்ல தேடுனேன், பஸ்ஸுல தேடுனேன், குப்பையக் கொட்டித் தேடுனேன். எங்க வூட்டுக்காரரு, வித்துட்டு பொய் சொல்றியான்னு கேட்டுட்டாரு. அதுலேர்ந்து நான் அந்தப் பேச்சே எடுக்கறதில்ல." சொல்லிக்கொண்டே குச்சியை உருவிவிட்டுக் கம்மலை மாட்டப் பார்த்தார். ஓட்டை பிடிபடவில்லை. முதலில் வந்த பெண்தான் மாட்டிவிட்டாள். திருகாணி இல்லை. கயிற்றுத் துணுக்கு ஒன்றைச் சுற்றி முடிந்தாள்.

அப்புறம் அந்த அக்கா என்னைப் பார்த்தார். "நீ இன்னாம்மா தொலச்ச?"

"நான் ஒண்ணும் தொலைக்கலக்கா. போட்டோ எடுக்க வந்தேன்."

"இன்னாத்த?"

"புல்ல."

அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். மற்றவர்கள் சிரிக்கத் தயாரானார்கள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து, மாப்பைத் தூக்கிக்கொண்டு, "ஏய், எல்லாரும் எறங்குங்க. அந்தப் பொண்ணு புல்லு எடுக்கணுமாம். அவ வேலய அவ பாக்கட்டும்" என்று விரட்டினார். அன்றைக்கு என்னை நம்பிய முதல் ஆள் அவர்தான். கூட்டம் இறங்கியது. சிமென்ட் ஓரமாக வரிசையாக நின்று, நாங்கள் படம் எடுப்பதை ஏதோ ஷூட்டிங் பார்ப்பது போலப் பார்த்தார்கள். மிதிபடாத மூலை ஒன்று மிச்சம் இருந்தது. அதை எடுத்தோம். மிதிபட்ட இடத்தையும், வந்ததுக்கு இருக்கட்டும் என்று தம்பி எடுத்து வைத்தான். கடைசிப் படம் எடுக்கும்போது முதல் தூறல் விழுந்தது. செக்யூரிட்டிக்காரர் குடை கொண்டுவந்து கேமராவுக்குப் பிடித்தார். நாங்கள் நனைந்தோம்.

ஆபீஸுக்கு வந்து படங்களைப் பார்த்தால், கூட்டம் துழாவிக்கொண்டிருந்தபோது தம்பி எடுத்தவற்றில் பாதியில் யாராவது ஒருவரின் செருப்பு இருந்தது. ஒன்றில் டிரைவரின் வழுக்கைத் தலை நடுவில் பளபளத்தது. ஆனாலும் அந்த மூலையில் எடுத்தவை அருமையாக வந்திருந்தன. ரெண்டு மூன்று நாள் உட்கார்ந்து ஓரங்களைச் சேர்த்து, தையல் தெரியாமல் சரிசெய்து, லைப்ரரியில் ஏற்றினேன். பெயர் வைக்கும்போது நிறைய யோசித்து, கடைசியில் சாதாரணமாக 'வெயில் புல்' என்று வைத்தேன். மிதிபட்ட படங்களை அழிக்க மனசு வரவில்லை. அவற்றுக்குத் தனி ஃபோல்டர் போட்டு 'நடந்த புல்' என்று எழுதினேன்.

அந்த அம்மாளுக்குப் புதுப் படத்தை அனுப்பிய அன்று வீடியோ காலில் வந்தார். நெருக்கத்தில் பார்த்தார், விலக்கிப் பார்த்தார். இலை தேடுகிறார் என்று தெரிந்தது. தேடட்டும் என்று இருந்தேன். நாய்கூடக் குரைக்கவில்லை. கடைசியில், "இது எங்கே வளர்கிறது?" என்று கேட்டார்.

"ஒரு கார் கம்பெனி வாசலில்" என்றேன்.

அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சிரித்து முடித்துவிட்டு வழக்கம்போல நறுக்கென்று அடுத்ததைக் கேட்டார். ஆட்டக்காரர்கள் நின்று முதல் அடி அடிக்கிற இடம் இப்படிப் புத்தம்புதிதாக இருக்கக் கூடாதாம். நாலு பேர் நின்று, நடந்து, தேய்ந்த மாதிரி இருக்க வேண்டுமாம். "அப்படி ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் பரவாயில்லை." தம்பி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். "இருக்கிறது" என்றேன். அப்போதே திரையில் திறந்து காட்டினேன். எத்தனை பேரை வைத்து எடுத்தீர்கள் என்று கேட்டார். ஒரு ஷிஃப்ட் என்று சொன்னேன். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டார்.

வேலை முடிந்து, பணம் வந்து, நாங்கள் வேறு மைதானத்துக்குப் போய்விட்டோம். அதன்பிறகு ஒருநாள் அந்த அம்மாள் தீவில் எடுத்த ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். அங்கே இன்னும் புல் நடவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு, ரெண்டு மண் அள்ளும் இயந்திரம், இறைந்து கிடக்கிற பைப்புகள். நடுவில் ஒரு பெரிய பலகை. அதில் எங்கள் படம், வீட்டுச் சுவர் உயரத்துக்கு, பளிச்சென்று. தம்பி அதை உடனே அவன் வீட்டு குரூப்பில் போட்டான். அவன் அம்மா, இது காஷ்மீரா என்று கேட்டார்கள். நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே நல்ல வெயில். வேலையாட்கள் மூன்று பேர் அந்தப் பலகையின் நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.